பாங்கர் எஞ்சின் இகத்புரி வரைதான்

பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கத்தில் மருத்துவ முகாம் நடப்பது வாசக அன்பர்கள் அறிந்ததே. விரல் நுனியில் ஊசி குத்திக்கொள்ள ஒரு வரிசை, ரத்த அழுத்தம் பார்க்க ஒரு வரிசை. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே முகங்கள்தான். அவற்றில் என் முகமும் ஒன்று. டாக்டர் சொல்வதும் மாறுவதில்லை. தினமும் நடங்கள், சாதத்தைக் குறையுங்கள், இனிப்பைத் தொடாதீர்கள் என்கிறார். பயபக்தியுடன் தலையாட்டிவிட்டு, அடுத்த கூடத்தில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

ஆனாலும் முகாம் வீண் போவதில்லை. மறுநாள் காலை அம்பாசரி ஏரிப் பக்கம் போனால் நம்மவர்களைப் பார்க்கலாம். மஃப்ளர், குல்லாய், புது ஷூ சகிதம் பத்துப் பதினைந்து பேர் தமிழ் பேசிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். ஹோலி வரும்போது அதில் பாதிப்பேர் இருப்பார்கள். நாக்பூர் வெயில் நாற்பத்தைந்தைத் தொடும் மே மாதத்தில் இரண்டு பேர் மிஞ்சினால் அதிகம். மறுபடியும் பொங்கல், மறுபடியும் முகாம், மறுபடியும் ஊசி.

"நமக்கெல்லாம் மனவுறுதி போதாது சார்" என்று முகாமில் ஓர் அன்பர் சொன்னார். கேட்ட எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொந்த ஊரை விட்டு, பாஷை தெரியாத ஊருக்கு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஒரு வீட்டையும் கட்டியவர்கள் நாம். நமக்கா மனவுறுதி இல்லை? நாம் நடக்க எழுந்தபோது எழுப்பிவிட்ட காரணம் நம்முடையதாக இல்லை என்பதுதான் என் கட்சி. அது டாக்டரிடம் இரவல் வாங்கியது, அல்லது மனைவியிடம், அல்லது மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்திடம். இரவல் பொருள் என்றைக்கும் வீட்டில் தங்காது.

நான் டாக்டர் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு 1981-இல் ரயில்வேயில் சேர்ந்து, 37 ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். எனவே எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

பம்பாயிலிருந்து நாக்பூருக்கு ரயிலில் வந்தவர்கள் எல்லோருக்கும் கசாரா ஸ்டேஷன் தெரியும். அங்கிருந்து இகத்புரி வரை மலை ஏற்றம். 37 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். ரயிலுக்கு இது செங்குத்தான ஏற்றம். முன்னால் இருக்கும் எஞ்சின் மட்டும் முழு வண்டியையும் இழுத்துக்கொண்டு ஏற முடியாது. அதனால் கசாராவில் வண்டியின் பின்புறம் இரண்டோ மூன்றோ எஞ்சின்களைச் சேர்த்து, பின்னாலிருந்து தள்ளுவார்கள். அவற்றுக்குப் பாங்கர் என்று பெயர். இகத்புரி வந்ததும் பாங்கரைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு நாக்பூர் வரையிலும் வண்டியை இழுக்க வேண்டியது முன்னால் இருக்கும் எஞ்சின்தான்.

பயம் என்பது பாங்கர் எஞ்சின். ஏற்றத்தில் அதன் உதவியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது இகத்புரிக்கு மேல் வராது. நம்மில் பலர் பாங்கரை நம்பி, முன்னால் எஞ்சினே இல்லாமல் வண்டியைக் கிளப்பிவிடுகிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று முறை தோற்றுத் தெரிந்துகொண்டேன்.

முதல் முறை 2011-இல். எங்களுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை உடல் தகுதிப் பரிசோதனை உண்டு. அதில் வெறும் வயிற்றில் சர்க்கரை 190 என்று வந்தது. டாக்டர் என்னை உட்காரவைத்து, சர்க்கரை முற்றிக் கால் புண்ணாகி, விரலில் தொடங்கி முழங்கால் வரை எடுக்க வேண்டி வந்த ஒருவரின் கதையைச் சொன்னார். நடுங்கிப்போனேன். மறுநாள் ஐந்து மணிக்கு அஜ்னி ரயில்வே காலனியைச் சுற்றி நடந்தேன். அப்படி நாற்பது நாள். மாத்திரையும் நடையுமாகச் சேர்ந்து சர்க்கரை 118-க்கு இறங்கியது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய மறுநாள் காலை ஏழு மணி வரை தூங்கினேன்! பயத்தில் உள்ள கோளாறு இதுதான். அது வேலை செய்யச் செய்யத் தானே கரைந்துபோகிறது. ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நடப்பதற்கான காரணமும் போய்விடுகிறது.

இரண்டாம் முறை 2014-இல் என் மனைவியின் கெடுபிடி. "ஏங்க, எழுந்திருங்க" என்று போர்வையை இழுப்பாள். எழுந்து போவேன். உண்மையைச் சொன்னால், சில நாள் பால் பூத் வரை போய், அங்கே டீ குடித்துவிட்டு, நேரம் பார்த்துத் திரும்பி வந்ததும் உண்டு. மகளின் பிரசவத்துக்காக அவள் மூன்று மாதம் சென்னைக்குப் போனாள். அந்த மூன்று மாதமும் என் ஷூ மூலையில் கிடந்தது. அதன் உள்ளே சிலந்தி குடியேறியிருந்ததை அவள் திரும்பி வந்துதான் கண்டுபிடித்தாள்.

மூன்றாம் முறை 2018-இல். பணி ஓய்வு பெற்றேன். புனேயில் வேலை பார்க்கும் மகன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைப் பரிசாக அனுப்பினான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். குறைந்தால் கை நடுங்கும்படி ஒரு துடிப்பு, நிறைந்தால் வாணவேடிக்கைப் படம். எஞ்சினியர் அல்லவா, எண்ணிக்கை என்றால் எனக்கு உற்சாகம். இரண்டு மாதம் விடாமல் நடந்தேன். பிறகு ஓர் இரவு, 9,200-இல் நின்றபோது, நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தபடியே கையை ஆட்டி ஆட்டிப் பத்தாயிரம் ஆக்கினேன். என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கருவியின் பேட்டரி உயிர்விட்ட அன்று என் நடையும் உயிர்விட்டது. இந்தப் பத்தாயிரம் என்ற கணக்கும் மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்தான் உலகமெங்கும் விதியாகிவிட்டது.

நடந்தால் பயன் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கடைப்பிடிக்க அறிவுரை பெற்றுவந்தவர்களிடம் நோய் வருவது நூற்றுக்கு 28 என்ற அளவில் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் ஏறக்குறைய அதே பலன்தான். அதற்கும் முன்னால், 1962-இல், அமெரிக்க ரயில்வே ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மேஜையில் உட்கார்ந்து எழுதும் கிளார்க்குகள் ஒரு பக்கம், நம் கேங்மேன்களைப் போலத் தண்டவாளத்தில் உழைப்பவர்கள் மறுபக்கம். இதய நோயால் இறந்தவர்கள் கிளார்க்குகளில்தான் அதிகம். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் செக்‌ஷனைப் பார்வையிடப் போனது தள்ளு டிராலியில். நான் உட்கார்ந்திருந்தேன், டிராலிமேன்கள் ஓடித் தள்ளினார்கள். சர்க்கரை வந்தது எனக்கு.

ஆக, நடந்தால் நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை நாளைக்கும் நாளை மறுநாளும் செய்வதுதான் கஷ்டம். இதற்கு, "21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று சுலபமாக ஒரு சூத்திரம் சொல்கிறார்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது அது. ஆபரேஷனுக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அதைக் கொண்டுவந்து நடைக்கும் உணவுக்கும் ஒட்டிவிட்டார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரை வைத்து இதைச் சோதித்து, 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்றது கணக்கு. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதம் எதுவும் இல்லை.

நாற்பது நாள் நடந்தும், அறுபது நாள் நடந்தும் எனக்குப் பழக்கமாகவில்லை. நாள் கணக்கில் மட்டும் விஷயம் இல்லை என்று அப்போது புரிந்தது. எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க மனவியலாளர் 1971-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களுக்கு விளையாட்டுப் புதிர்க் கட்டைகள் கொடுத்தார். ஒரு பிரிவுக்கு, புதிரை விடுவித்தால் காசு. மற்றொரு பிரிவுக்கு ஒன்றும் கிடையாது. பிறகு காசை நிறுத்திவிட்டு, ஓய்வு நேரத்தில் யார் அந்தக் கட்டைகளை எடுத்து விளையாடுகிறார்கள் என்று பார்த்தார். காசு வாங்கிப் பழகியவர்களுக்கு ஆர்வம் குறைந்திருந்தது. என் மணிக்கட்டு வாணவேடிக்கையும் அதே கதைதான். டெசியும் அவருடைய சகாவான ரிச்சர்ட் ரயனும் பின்னால் இதை விரித்துச் சொன்னார்கள். ஒரு காரியம் நிலைக்க வேண்டுமானால் அது தானே தேர்ந்ததாக இருக்க வேண்டும், தன்னால் முடிகிறது என்ற திருப்தி வேண்டும், மற்றவரோடு ஓர் ஒட்டுறவும் வேண்டும் என்கிறார்கள்.

இந்த மூன்றையும் எனக்கு அமெரிக்கர்களுக்கு முன்பே காட்டியவர் ஒரு கீமேன். 1980-களில் ஆம்லா பக்கம் நான் இளம் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தபோது என் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். கீமேன் என்றால் நம் சங்கத்து ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோளில் சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி எல்லாம் சுமந்து, தனக்கு ஒதுக்கிய ஐந்தாறு கிலோமீட்டர் பாதையைத் தினமும் நடந்து பார்க்க வேண்டியவர். போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது மற்றொரு தண்டவாளம். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கும் சாவி தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவார்.

ஜெனரல் மேனேஜரின் வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு மாதம் முன்பே எங்கள் செக்‌ஷன் கல்யாண வீடாகிவிடும். கிலோமீட்டர் கல்லுக்குச் சுண்ணாம்பு, பிளாட்பாரத்துக்குப் பெயிண்ட், ஜல்லிக்கு ஓரம் கட்டுதல். ஸ்பெஷல் வண்டி போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் எல்லாம் பழையபடி. ஆனால் அந்தக் கீமேனின் பீட் மட்டும் ஜி.எம். வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். கொட்டும் மழையில் ஒரு நாள் அவரை வழியில் பார்த்து, இன்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள், குடிசையில் ஒதுங்கியிருக்கலாமே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னது: "சாகப், காடி தோ மேரே ஊபர் சே ஹீ ஜாதி ஹை." வண்டி என் மேல்தானே ஏறிப் போகிறது என்றார். அந்தப் பாதையையும் தன்னையும் அவர் வேறாக நினைக்கவில்லை. அதற்கு மேல் அவரை யார் மேற்பார்வை செய்ய வேண்டும்?

அப்போது அதை வேலையின் பெருமை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். என் காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று.

எங்கள் எதிர் வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற டிரைவர், மராட்டியர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பாவு என்று அழைப்பேன். நாம் அண்ணா என்போமே, அப்படி. கூட்ஸ், பாசஞ்சர், மெயில் என்று முப்பத்தெட்டு வருஷம் சிக்னலைப் பார்த்தே வாழ்ந்த கண்கள் அவருடையவை. சர்க்கரை அந்தக் கண்களைத்தான் பிடித்தது. 2022-இல் ஒரு கண் முழுவதும் போய், மற்றதில் நிழல் போலத்தான் தெரிந்தது. நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். காலையில் நீங்கள் நடக்கப் போகும்போது பால் பூத் வரை அழைத்துப் போவீர்களா?" என்று கேட்டார். நான் நடப்பதை விட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சரி வஹினி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தால், குளிரில், ஸ்வெட்டர் போட்டு, ஷூ கட்டி, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு பாவு நின்றிருந்தார். "ஐந்து நிமிஷம் லேட்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் ஐந்து இருபத்தைந்துக்கு நான் அவர் வாசலில் இருந்தேன். இரண்டு ரயில்வேக்காரர்களுக்கு நடுவில் நேரம் தவறுவது என்பது சாதாரண விஷயமா?

என் தோளைப் பிடித்தபடி நடப்பார். பள்ளம், மேடு, நாய், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். எதிரே யாரும் இல்லாவிட்டால் "லைன் கிளியர்" என்பேன், வேகம் எடுப்பார். தூரத்தில் அஜ்னி யார்டில் வண்டி ஓடும் சத்தம் கேட்டால் நின்று, அது காலியா, லோடா என்று சொல்வார். நான் கண்ணால் பார்த்துச் சரி என்பேன். ஒரு மாதத்தில் பால் பூத் போதாமல் ரயில்வே கிரவுண்ட் வரை போனோம். மழையில் குடை, மே மாதத்தில் ஐந்தரைக்குப் பதில் நாலே முக்கால். இரண்டு ஆண்டுகளில் நான் தவறிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் காலத்தில் என் சர்க்கரையைப் பற்றி நான் நினைத்த நாள்களும் குறைவுதான். ஆனால் மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் 9.2 இருந்தது 7.1-க்கு வந்துவிட்டது. மாத்திரை இன்னமும் உண்டு, அளவு குறைந்திருக்கிறது.

இத்தோடு கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் 2024 தீபாவளிக்குப் பிறகு பாவுவின் மகன் வந்து பெற்றோரை நாசிக்குக்கு அழைத்துப் போய்விட்டார். வீட்டுக்குப் பூட்டு. மறுநாள் காலை ஐந்து இருபத்தைந்துக்கு வழக்கம்போல் அந்தக் கேட்டின் முன்னால் நின்றேன். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒன்பது நாள் நடக்கவில்லை. இது நாலாவது தோல்வி என்றுதான் நினைத்தேன்.

பத்தாம் நாள் விழித்தபோது மணி ஐந்து. தூக்கம் வரவில்லை. உடம்பில் என்னவோ ஒன்று குறைவது போல இருந்தது, காபி குடிக்காத காலை போல. யாரும் போர்வையை இழுக்கவில்லை, கருவி துடிக்கவில்லை, வாசலில் ஒருவரும் காத்திருக்கவில்லை. எழுந்து போனேன். யார்டு பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. காலி வண்டி என்று எனக்கே தெரிந்தது. பாவுவுக்காகத் தொடங்கிய நடை எப்போதோ எனக்குத் தெரியாமல் என்னுடையதாகியிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாவு போன் செய்வார். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் அங்கே நடக்கிறார். "லைன் கிளியரா?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

ஆகவே, காரணம் ஆரம்பத்திலேயே முழுதாக நம்முடையதாக இருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. நம்முடையதாக ஆகக்கூடிய காரணமாக இருந்தால் போதும். கால் போய்விடும் என்ற பயம் எத்தனை நாள் நடந்தாலும் என்னுடைய ஆசையாக மாறியிருக்காது. ஒரு மனிதர் என் தோளை நம்பிக் காத்திருக்கிறார் என்பது மாறியது.

எல்லோருக்கும் எதிர் வீட்டில் ஒரு பாவு கிடைக்க மாட்டார். ஆனால் தேடினால் காரணம் கிடைக்கும். நம் சங்கத்து அம்மையார் ஒருவருக்கு முழங்கால் வலி. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியை இரண்டு வருஷம் தொடங்குவதும் விடுவதுமாக இருந்தார். ஒரு மார்கழியில், குனிந்து கோலம் போட முடியாமல் ஸ்டிக்கர் வாங்கி வாசலில் ஒட்ட வேண்டி வந்ததாம். "அன்னிக்கு அழுதுட்டேன்" என்றார். வலி போக வேண்டும் என்று செய்யாத பயிற்சியை, அடுத்த மார்கழிக்குள் தரையில் கோலம் போட வேண்டும் என்று செய்தார். போட்டும் விட்டார். பெரிய கோலம் இல்லை, ஏழு புள்ளிதான். பயிற்சியை இன்னும் விடவில்லை. இத்தனை வருஷம் கணவனுக்கு, பிள்ளைக்கு, மாமியாருக்கு என்று ஓடியவருக்கு, தனக்கென்று கிடைத்த காரணம் அந்த ஏழு புள்ளி.

சாப்பாட்டிலும் இதே கதைதான். டாக்டர் கொடுத்த உணவுப் பட்டியல் எங்கள் பிரிட்ஜ் கதவில் பல வருஷம் ஒட்டிக்கிடந்து மஞ்சளாகிப் போனது. ராத்திரிச் சாதத்தை விட முடியவில்லை. ஒரு முறை பாவு வீட்டில் சோள மாவில் தட்டிய பாக்ரி கொடுத்தார்கள். நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு. பாக்ரியைப் பிய்த்து வாயில் வைத்ததும், என் அம்மா மண்சட்டியில் காய்ச்சிய சோளச் சோற்றின் வாசனை வந்தது. அரிசிச் சோறு பண்டிகைக்குத்தான் என்றிருந்த வீடு அது. இப்போது ராத்திரி எனக்கு இரண்டு பாக்ரி, ஏதாவது ஒரு கீரை. பத்தியம் என்ற நினைப்பே வருவதில்லை. சோளமும் மாவுச்சத்துதான், நாலு பாக்ரி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டோடு நிறுத்த முடிகிறது என்பதுதான் எனக்கு லாபம்.

பயமே வேண்டாமா என்று கேட்கலாம். மாரடைப்பு வந்த அன்றோடு பீடியை விட்டு, பிறகு தொடவே தொடாத சகாக்கள் எனக்கு உண்டு. அவர்களை விசாரித்துப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் பயந்து விட்டது உண்மைதான். ஆனால் ஐந்து வருஷம் கழித்தும் தொடாமல் இருப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் வேறு. பேத்தி மடியில் வந்து உட்காரும்போது முகத்தைச் சுளிப்பதில்லை என்றார் ஒருவர். பாங்கர் இகத்புரியில் கழன்றபோது அவருக்கு முன்னால் எஞ்சின் இருந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் நியாயமானதே. காரணம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. நடைபாதையில் கார் நிற்கிறது, தெரு நாய்கள் துரத்துகின்றன, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால் விடியற்காலையில் வெளியே போக முடியாது. இவற்றை மனவுறுதிக் கணக்கில் எழுதி ஒருவரைக் குற்றம் சொல்வது அநியாயம். பாதை சரியில்லாத இடத்தில் எஞ்சினைத் திட்டிப் பயனில்லை.

எனவே என் வேண்டுகோள் மூன்று. வீட்டில் இருப்பவர்களுக்கு முதலாவது. "நடந்தீங்களா?" என்று தினமும் கேட்காதீர்கள். "நல்லா இருந்தா என்ன செய்யணும்னு ஆசை?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். பதில் அற்பமாகத் தோன்றினாலும் சிரிக்காதீர்கள். ஏழு புள்ளிக் கோலமும் அற்பம்தான்.

இரண்டாவது, நடக்க நினைக்கும் அன்பர்களுக்கு. ரிப்போர்ட் நன்றாக வந்தாலும் மறையாத காரணமாகப் பாருங்கள். பத்து வருஷம் கழித்துக் கிடைக்கும் ஆரோக்கியத்தைவிட, இன்று காலையே கைக்குக் கிடைக்கும் ஒன்று அதிகம் இழுக்கும். தவறிய நாளுக்காக வருந்தி நிற்க வேண்டாம். நான் ஒன்பது நாள் தவறியவன். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்காமல், திரும்பி வந்ததும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் எவ்வளவு நடக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நம் சங்கத்துக்கு. அடுத்த பொங்கல் முகாமில் ஊசி குத்தும் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போடலாம். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், யாருக்குத் துணை தேவை, யாரால் துணையாகப் போக முடியும் என்று ஒரு நோட்டில் எழுதி, பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களைச் சேர்த்துவைக்கலாம். தனியாக இருக்கும் முதியவர்கள் நம்மில் பலர். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும். அந்த மேஜையில் உட்கார நான் தயார். காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிடும், அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.